ஈயக் கோட்டைக்கு ஒரு மதிப்புரை

1

இந்தக் கதை ஒரு புத்தக மதிப்புரையாகத்தான் தொடங்கியது. இப்போதும் அது மதிப்புரைதான் என்று தம்பிராசா மாஸ்ரர் சொல்கிறார். வாசித்து முடித்தபின் எதுவென்று நீங்கள் முடிவு செய்யலாம். எனக்கு இரண்டும் சம்மதம்.

நடந்தது இது. இந்த வருடம், தொண்ணூற்றைந்தில், தைப்பொங்கலுக்குச் சற்று முந்தி யாழ்ப்பாணத்தில் சண்டையை நிறுத்தினார்கள். பொருட்களுக்கு இருந்த தடை தளர்ந்து பற்றரி வந்தது, சவர்க்காரம் வந்தது. சவர்க்காரம் வந்தால் இலக்கியமும் வரும் என்று நம்பியவர் வட்டுக்கோட்டைத் தம்பிராசா மாஸ்ரர். அவர் பள்ளிக்கூட மாஸ்ரர் அல்ல, ஸ்ரேசன் மாஸ்ரர். தொண்ணூறில் ரயில் நின்றது, ஸ்ரேசன் இடிந்தது, மாஸ்ரர் மட்டும் மிஞ்சினார். தன்னுடைய பழைய சிற்றிதழை மறுபடியும் கொண்டுவரப் போவதாகச் சொல்லிக்கொண்டு, நான் கணக்கெழுதும் நீர்வேலிக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சைக்கிளில் வந்தார்.

"பிள்ளை, ஒரு புத்தக மதிப்புரை வேணும்."

"என்ன புத்தகம், மாஸ்ரர்?"

"அதுதான் பிரச்சினை. அஞ்சு வருசமாய்ப் புத்தகம் ஒண்டும் வரேல்லை. உம்மட்டை என்ன கிடக்குது?"

என்னிடம் மூன்று கிடந்தன. ஒன்று செபப்புத்தகம். மற்றது வாழைக்கு வரும் நோய்கள் பற்றியது. மூன்றாவது ‘ஈயக் கோட்டையின் இரகசியம்’. முதலாவதை மதிப்பிட எனக்குத் தகுதி இல்லை. இரண்டாவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதை நான் அதுவரை வாசித்ததே இல்லை. ஆனால் இரண்டு வருடம் அதற்குள் இருந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

"‘ஈயக் கோட்டையின் இரகசியம்’ என்பது மேசையைச் சுற்றியிருந்து வேடமேற்று ஆடும் விளையாட்டுக்காக மேல்நாட்டில் அச்சிடப்பட்ட சாகச நூலாகும். இவ்வகை நூல்களின் தரத்தை ஆராயப் புகுமுன்"

புகவில்லை. மாஸ்ரர் இந்த இடத்திலேயே கையை உயர்த்தினார். "உது என்ன சாமான் எண்டு எனக்கே விளங்கேல்லை. வாசிக்கிறவனுக்கு எப்பிடி விளங்கும்?"

இரண்டாம் தொடக்கம்:

எண்பத்தெட்டில் என் மாமா பேதுரு கப்பலால் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது. கரம் பலகை விளையாட்டுப் போல என்னவோ என்று நினைத்து வாங்கினாராம். உள்ளே ஒரு விதிப் புத்தகமும் மெல்லிய அட்டை போட்ட ‘ஈயக் கோட்டை’யும் விசித்திரமான தாயக்கட்டைகளும் இருந்தன. ஒரு கட்டைக்கு இருபது பக்கம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது பழுதாய்ப் போனது" என்று சொன்னா.

விளையாட்டு இதுதான். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் ஆடுவார்கள். நடத்துபவர், "நீங்கள் ஒரு கோட்டை வாசலிலை நிக்கிறியள்" என்பார். ஆடுபவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். வாளெடுத்தேன், ஓடினேன், கதவைத் தட்டினேன், எதுவும் சொல்லலாம். நடக்குமோ நடக்காதோ என்று சந்தேகம் வந்தால் கட்டையை உருட்டிப் பார்ப்பது. கோட்டையில் யார் இருக்கிறார்கள், எந்த அறையில் என்ன என்பதெல்லாம் ‘ஈயக் கோட்டை’ மாதிரியான ஒரு சாகச நூலில் இருக்கும். அதை நடத்துபவர் மட்டுமே வாசிக்கலாம். ஆடுபவர் வாசித்தால் ஆட்டம் கெட்டது.

[இந்த விளக்கத்தை வாசித்த மாஸ்ரர், "அப்ப நாட்டுக்கூத்துத்தானே, பாட்டில்லாமல்" என்றார். வேறு விளக்கம் தேவையில்லை என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.]

3

எழுதிய மூன்றாம் பக்கத்தில் அருமைநாயகி என்று ஒருத்தி வந்தாள். உடுப்பிட்டிப் பிள்ளை, கண்ணாடி போட்டவள், ஆபத்தென்றால் முதலில் ஓடுபவள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அப்படி ஒருத்தி இருக்கவில்லை. நூலின் அட்டையில் ‘நான்கு முதல் ஆறு பேர் ஆடுவதற்கு’ என்று போட்டிருப்பதால் அவளைச் சேர்த்துக்கொண்டேன். உண்மையில் ஆடியது இரண்டே பேர். குருநகரில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரரான நானும் ஸ்ரெல்லாவும். ஆளுக்கு இரண்டு வேடம் எடுத்தோம். நான் ஒரு குருவும் ஒரு மந்திரவாதியும். ஸ்ரெல்லா ஒரு வாள்வீரனும் ஒரு கள்ளனும். மந்திரவாதியாக இருப்பது பாவமோ என்று பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரைக் கேட்டேன். தாயம் உருட்டுவதுதான் பாவம் என்று பதில் வந்தது. அருமைநாயகியை உடுப்பிட்டிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நடத்தியது சுஹறா. மூவரும் கொன்வென்றில் ஒரே வகுப்பு. சோதனை எழுதி முடித்து, பல்கலைக்கழகம் எப்போது திறக்கும் என்று காத்திருந்த காலம். முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெருவில் அவள் வீட்டு உள்ளறையில் புதன்கிழமைகளில் பின்னேரம் கூடுவோம். அவளுடைய வாப்பா இரும்புக்கடையில் இருப்பார். உம்மா நஜ்முன்னிஸா சமையலறையில் இருப்பா. இங்கிலீசு படிக்கிறோம் என்று வீடுகளில் சொல்லியிருந்தோம். அது பொய்யும் இல்லை. புத்தகம் இங்கிலீசில் இருந்தது, எங்கள் மூவரில் அதை ஓடவிட்டு வாசிக்கக்கூடியவள் சுஹறா மட்டும்தான்.

அவளுக்கு அவசரம் பிடிக்காது. ஒரு கேள்வி கேட்டால், கேள்வியை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்த பிறகுதான் பதில் வரும். அப்படிப்பட்டவள் முதல் நாள் புத்தகத்தில் பெட்டி கட்டி அச்சிட்டிருந்த பகுதியை அப்படியே தமிழாக்கி வாசித்தாள். ‘உரத்து வாசிக்கவும்’ என்று மேலே போட்டிருந்ததாம்.

"நீங்கள் கோட்டை வாசலில் நிற்கிறீர்கள். உங்கள் இதயம் அச்சத்தால் நடுங்குகிறது."

"என்ரை நடுங்கேல்லை," என்றாள் ஸ்ரெல்லா.

"இதிலை அப்பிடித்தான் கிடக்குது."

"எனக்கு நடுங்குதெண்டு அவனுக்கு ஆர் சொன்னது? அவன் எழுதி நான் நடுங்கிறதோ?"

சுஹறா பக்கத்தைப் பார்த்தாள், ஸ்ரெல்லாவைப் பார்த்தாள். "சரி. வாசலிலை நிக்கிறியள். என்ன செய்யிறியள்?"

அதன்பிறகு அவள் அந்தப் பெட்டிகளை எங்களுக்கு வாசிக்கவேயில்லை. இந்த வகை நூல்களைப் பற்றி நான் எழுதக்கூடிய ஒரே தீவிரமான விமர்சனம் இதற்குள் அடங்கிவிடுகிறது. மற்றதெல்லாம் விளக்கம்.

4

சமையல்காரி வந்தது இப்படி.

கோட்டையின் கீழ்த்தளத்தில், நூறு வருடமாகப் பூட்டிய அறைக்குள் ஒரு மிருகம் இருந்தது. சுஹறா அதன் மூச்சுச் சத்தத்தை விபரித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரெல்லாவின் வாள்வீரன் கதவில் காதை வைத்திருந்தான். அப்போது சமையலறையில் இருந்து நஜ்முன்னிஸாவின் குரல் வந்தது.

"நூறு வருசமாய்ப் பூட்டியோ கிடக்குது?"

"ஓம் உம்மா."

"அப்ப சாப்பாடு ஆர் குடுக்கிறது?"

சுஹறா பக்கங்களைப் புரட்டினாள். முன்னுக்குப் போனாள், பின்னுக்குப் போனாள், படத்தைப் பார்த்தாள். நானும் ஸ்ரெல்லாவும் காத்திருந்தோம்.

"ஒரு சமையல்காரி இருக்கிறா," என்றாள்.

"அதானே," என்றது சமையலறை.

நாங்கள் புதையலை விட்டுவிட்டுச் சமையல்காரியைத் தேடிப் போனோம். கோட்டைக்குப் பின்னால் ஒரு புகைக்கூண்டு, அதன் கீழே ஒரு சமையலறை, அங்கே கையில் அகப்பையோடு ஒருத்தி. நாங்கள் வாளோடு போய் நின்றோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நிக்கிறதெண்டால் விறகை எடுத்துத் தாங்கோ. கஞ்சி அடிப்பிடிக்கப் போகுது."

அடுத்தடுத்த புதன்கிழமைகளில் எங்கள் வீரர்கள் விறகு வெட்டினார்கள், தண்ணீர் அள்ளினார்கள். கள்ளன் வெங்காயம் உரித்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைப்போல விறுவிறுப்பான ஆட்டத்தை நான் ஆடியதில்லை. ஏனென்றால் அவள் எதையும் சும்மா சொல்வதில்லை. ஒவ்வொரு சொல்லையும் வேலை செய்து வாங்கவேண்டும். கோட்டைக்காரன் எப்போதோ செத்துவிட்டான் என்பதை அறிய எங்களுக்கு ஒரு மாதம் எடுத்தது.

"செத்த ஆளுக்கு ஏன் இன்னும் சமைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சுதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றாள் சுஹறா. அல்லது சமையல்காரி. அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

பிறகு ஒரு புதன்கிழமை, ஸ்ரெல்லா தான் வாள்வீரன் என்பதையும் மறந்து, தன் குரலிலேயே கேட்டாள். "நாங்கள் நாளைக்கு வெளிக்கிடுறம். நீங்களும் எங்களோடை வாறியளோ?"

சுஹறா பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு புத்தகத்தை மூடினாள்.

"அதை வாற புதன் சொல்லுறன்."

[இந்த இடத்தில் ‘ஆனால் அந்தப் புதன்கிழமை வரவேயில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். புதன்கிழமை வந்தது. எல்லாப் புதன்கிழமைகளும் ஒழுங்காக வந்தன. வரியை எடுத்துவிட்டேன்.]

5

அந்தக் கிழமையே, தொண்ணூறு ஆனியில், சண்டை மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி, கோட்டையைச் சுற்றி இயக்கம், கோட்டைக்குப் பக்கத்தில் குருநகர். ஷெல் விழத் தொடங்கியதும் எங்கள் தெருவே வெளிக்கிட்டது. அப்பா ஒரு உழவு ரைக்ரர் பிடித்தார். கட்டிலை ஏற்றுவதா, வலையை ஏற்றுவதா என்று அவரும் அம்மாவும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்த நேரம் சுஹறாவும் நஜ்முன்னிஸாவும் வந்தார்கள். சுஹறாவின் கையில் அந்தப் பெட்டி இருந்தது.

"இந்தா ராணி, உன்ரை மாமாவின்ரை சாமான். எங்கடை வீட்டிலை விழுந்தால் எரிஞ்சு போம்."

"உங்கடை பக்கம் விழாது."

"விழாட்டில் திருப்பிக் கொண்டுவந்து தா." பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, கையை அதன் மேல் வைத்துக்கொண்டே சொன்னாள். "வாசிச்சுப் போடாதை. வாசிச்சால் பிறகு உன்னோடை விளையாட ஏலாது."

"வாசிக்கமாட்டன்."

"ஸ்ரெல்லாவையும் விடாதை. அவள்தான் கள்ளன்."

நாங்கள் நீர்வேலிக்கு வந்தோம். ஸ்ரெல்லாவும் அவளுடைய தாய் செபஸ்தியம்மாவும் அதே ரைக்ரரில் வந்தார்கள். வலையை ஏற்றிய அப்பா வாழைக்குலை ஏற்றும் வேலைக்குப் போனார். கடல் மணமே இல்லாத ஊர். ஸ்ரெல்லா தைத்தாள். பெட்டியை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். வாசிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. வாசிக்காமல் இருக்கும்வரை ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

6

இந்தப் பகுதியை நான் பலமுறை எழுதினேன். மூன்று வாக்கியங்களை மட்டும் காட்டுகிறேன்.

வாக்கியம் ஒன்று: "அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் சுஹறாவின் குடும்பம் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்தது."

இது மாஸ்ரருக்குப் பிடித்திருந்தது. ஆனால் நீர்வேலிக்கு வந்த எங்களுக்கும் அதே சொல்தான். எங்களுக்கு ஷெல் விழுந்தது, வந்தோம். சுஹறாவின் வீட்டில் அன்றைக்கு ஷெல் விழவில்லை.

வாக்கியம் இரண்டு: "சுஹறாவின் குடும்பம் வெளியேற்றப்பட்டது."

செயப்பாட்டு வினை. செயல் இருக்கிறது, செய்தவரைக் காணவில்லை. ‘ஈயக் கோட்டை’யிலும் இப்படி ஒரு வரி உண்டு. ‘கிராமம் எரிக்கப்பட்டுள்ளது’ என்று வரும். யார் எரித்தது என்பது முன் அட்டையிலிருந்து பின் அட்டைவரை எங்கும் இல்லை. மலிவான சாகச நூல்களின் பொதுக் குறை இது.

வாக்கியம் மூன்று: "இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும், சுஹறாவையும், இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியே போகச் சொன்னது, போகும்போது கையில் இருந்ததையும் பறித்தது."

[இதை மாஸ்ரர் சிவப்பு மையால் வெட்டினார். கோட்டுக்குக் கீழே எழுத்துத் தெரிகிறது. அச்சில் எப்படி வரும் என்று தெரியாது.]

ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். மைதானத்துக்கு வரச் சொன்னார்களாம். அங்கே ஒருவர் உரத்து வாசித்தார். இடையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கும் இடமாக அது இருக்கவில்லை.

நான் அங்கே இல்லை. நீர்வேலியில் இருந்தேன். எனக்குச் செய்தி வந்த விதத்தை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். செபஸ்தியம்மா குருநகரில் இருந்த காலத்திலிருந்தே சோனகத் தெருவுக்கு மீன் கொண்டுபோய் விற்பவ. இடம்பெயர்ந்த பிறகும் கொழும்புத்துறைப் பக்கம் மீன் கிடைக்கும் நாட்களில் கடகத்தோடு நடப்பா. அன்றைக்கும் போனா. மத்தியானம் திரும்பி வந்தபோது கடகம் நிறைய மீன் அப்படியே இருந்தது. ஸ்ரெல்லாதான் கேட்டாள்.

"என்னம்மா, விக்கேல்லையோ?"

செபஸ்தியம்மா கடகத்தை இறக்கினா. "தெருத் தொங்கலிலை ஒரு பெடியன் துவக்கோடை நிண்டவன். நல்ல மரியாதையான பெடியன். ‘இஞ்சை இனி மீன் தேவையில்லை அம்மா’ எண்டு சொன்னான்."

"ஏனாம்?"

"சாப்பிட ஆளில்லையாம்."

அன்று எங்கள் இரண்டு வீட்டிலும் மீன் சமைத்தார்கள். நிறைய மீன். அண்டை வீடுகளுக்கும் கொடுத்தோம். ஸ்ரெல்லா சாப்பிடவில்லை. வாழைத்தோட்டத்துக்குள் போய் இருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் மிசின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

7

இப்போது மதிப்புரை.

மாஸ்ரர் கேட்டபடியால், இந்தத் தை மாதம், பெட்டியைத் திறந்து ‘ஈயக் கோட்டையின் இரகசிய’த்தை முதல்முறையாக வாசித்தேன். வாசிப்பதா இல்லையா என்று ஸ்ரெல்லாவைக் கேட்டேன். அவள் தையல் மிசினை நிறுத்தாமல், "இனி என்ன," என்றாள்.

நூல் மோசம். இதைவிட நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை.

வரைபடத்தில் உள்ள பதினேழாம் அறைக்கு உள்ளே விளக்கம் இல்லை. விளக்கம் உள்ள இருபத்துமூன்றாம் அறை வரைபடத்தில் இல்லை. ஒரு படிக்கட்டு மேலே போகிறது, எங்கும் சேரவில்லை. சத்திரக்காரனுக்கு முன்பக்கத்தில் ஒரு பெயர், பின்பக்கத்தில் வேறு பெயர். கிராமத்துச் சனங்களுக்கு வேறு வேலை இல்லை, வரும் வீரர்களுக்குத் தகவல் சொல்லவே பிறந்திருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பூட்டிய அறைக்குள் இருக்கும் மிருகம் அந்தக் கதவைவிடப் பெரியது. அது எப்படி உள்ளே போனது என்று எழுதியவர் யோசிக்கவில்லை. என்ன சாப்பிடுகிறது என்றும் யோசிக்கவில்லை. அதைக் கொன்றால் இவ்வளவு பொன் என்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

சமையலறை இல்லை.

நான் இரண்டு முறை வாசித்தேன். வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புகைக்கூண்டு இல்லை. அகப்பை இல்லை. சமையல்காரி என்ற சொல்லே நூலில் இல்லை. நாங்கள் மாதக்கணக்கில் விறகு வெட்டிக் கொடுத்த ஒருத்தியைப் பற்றி அந்தப் புத்தகத்துக்கு ஒரு தகவலும் தெரியாது.

அவள் வருவாளா மாட்டாளா என்பதற்குப் பதில் இதற்குள் இருக்கும் என்றுதான் அஞ்சு வருடம் இதை வாசிக்காமல் வைத்திருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, அது எவ்வளவு மெல்லிய புத்தகம் என்று அப்போதுதான் கவனித்தேன்.

8

"முடிவு வேணும் பிள்ளை," என்றார் மாஸ்ரர். "ரயில் எண்டால் ஒரு ஸ்ரேசனிலை போய் நிக்கத்தானே வேணும்."

முடிவு அ: சமையல்காரி வருகிறாள். வீரர்களோடு கோட்டையை விட்டு வெளியேறி, மலையடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை போடுகிறாள். மாஸ்ரர் சந்தோசப்பட்டார். எனக்கு அந்தக் கடையில் சாப்பிட மனம் வரவில்லை.

முடிவு ஆ: அவள் மறுக்கிறாள். "எனக்கு இதுதான் வீடு" என்கிறாள். மாஸ்ரர், "இது இலக்கியம்" என்றார். எனக்கு அவள் கோட்டைக்காரன் சார்பில் பேசுவது போலப் பட்டது.

முடிவு இ: கோட்டையை விடுவோம். புத்தளத்தில் ஓர் அகதி முகாம். ஓலைக் கொட்டிலுக்குள் சுஹறா சிறுபிள்ளைகளைச் சுற்றி இருத்தி, புத்தகமும் இல்லாமல் கட்டையும் இல்லாமல், அதே சமையல்காரியின் கதையை நடத்திக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளின் கண்கள்

நிறுத்திவிட்டேன். பிள்ளைகளின் கண்கள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது. முகாமை நான் கண்டதில்லை. அகதி முகாமில் கதை சொல்லும் சுஹறா என் நிம்மதிக்காகப் பிறந்தவள். அருமைநாயகியை அனுப்பியது போல அவளையும் அனுப்பிவிட்டேன்.

9

மாசி மாதம் செபஸ்தியம்மாவுக்குக் கண் ஒப்பரேசனுக்காக ஸ்ரெல்லா தாயைக் கொழும்புக்குக் கூட்டிப்போனாள். இயக்கத்திடம் பாஸ் எடுத்து, கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியாவால் போகும் பயணம். வெளிக்கிடும்போது என்னிடம், "சுஹறாவின்ரை அண்ணை மக்பூல் புறக்கோட்டையிலை ஒரு இரும்புக்கடையிலை நிக்கிறவர். கேட்டுப் பாக்கிறன்," என்றாள். நான் சமையல்காரியைப் பற்றியும் கேட்கச் சொன்னேன். சொன்ன பிறகு, அதைச் சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. ஸ்ரெல்லா சிரிக்கவில்லை. "கேக்கிறன்," என்றாள்.

பங்குனியில் திரும்பி வந்தாள். செபஸ்தியம்மாவின் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மற்ற வாசகர்கள் போலவே நானும் முடிவைத்தான் முதலில் கேட்டேன். ஸ்ரெல்லா முதலிலிருந்துதான் சொன்னாள்.

மக்பூல் வழி சொல்லிவிட்டிருக்கிறார். தாயை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் புத்தளம், அங்கிருந்து கற்பிட்டி வீதியில் இன்னொரு பஸ். வீதியோரம் வரிசையாக ஓலைக் கொட்டில்கள். ஒன்றின் வாசலில் சாக்கு விரித்து, சுஹறா சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தோட்டக்காரருக்காகக் கூலிக்குச் செய்யும் வேலை. ஸ்ரெல்லாவைக் கண்டதும் எழும்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து சாக்கில் இடம் விட்டாள். ஸ்ரெல்லா இருந்து, கிடந்த இன்னொரு கத்தியை எடுத்து, தானும் வெட்டத் தொடங்கினாள். வாப்பா வந்த அடுத்த வருடமே மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி வெங்காயத்துக்கு இடையில் வந்தது. நிறைய நேரம் போன பிறகுதான் ஸ்ரெல்லா கேட்டாள்.

"அந்தச் சமையல்காரியை உனக்கு நினைவிருக்கோ?"

"எந்தச் சமையல்காரி?"

"ஈயக் கோட்டையிலை. எங்களோடை வாறியளோ எண்டு கேட்டனாங்கள். நீ புத்தகத்தை மூடிப்போட்டாய்."

சுஹறாவின் கத்தி நின்றது. "உதைக் கேக்கவோ கொழும்பிலையிருந்து பஸ் ஏறி வந்தனீ?"

"உன்னைப் பாக்க வந்தனான். உது ராணி கேக்கச் சொன்னது."

"அவளுக்கு வேறை வேலையில்லை."

"புத்தகத்திலை அவ இல்லையாம்."

"வாசிச்சுப் போட்டாளோ?"

"ஓம். இப்பதான்."

சுஹறா பத்துப் பதினைந்து வெங்காயம் வெட்டிய பிறகு சொன்னாளாம். "புத்தகத்திலை இல்லைத்தான். உம்மா கேட்டாப் பிறகுதானே அவ வந்தவ. எனக்கும் மறுமொழி தெரியாது, ஸ்ரெல்லா. அதாலைதான் மூடினனான். ஒரு கிழமை யோசிப்பமெண்டு."

"இப்ப யோசிச்சுச் சொல்லன்."

"வெளியிலை எங்கை கூட்டிக்கொண்டு போகப் போறியள்? அதை நீங்கள் அவவுக்குச் சொல்லேல்லையே."

ஸ்ரெல்லா யோசிக்காமல் சொல்லிவிட்டாளாம். "எங்கடை ஊருக்கு."

"அந்த எங்கடைக்குள்ளை அவவும் இருக்கிறாவோ? முதல் அதைச் சொல்லுங்கோ. பிறகு அவ மறுமொழி சொல்லுவா."

கோபமாகச் சொல்லவில்லையாம். நடத்துபவர்கள் ஆடுபவர்களிடம் விபரம் கேட்பது போலத்தான் கேட்டாளாம்.

[நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி, நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. இலக்கணத்தில் அப்படிப் படித்தோம். ஆனால் எங்கள் பேச்சில் ‘எங்கடை’ ஒன்றுதான் இருக்கிறது. இரண்டுக்கும் அதுதான். இந்த அடைப்புக்குறிக்குள் நான் நெடுநேரம் இருந்தேன்.]

ஸ்ரெல்லா அடுத்த வெங்காயத்தை எடுத்தபோது கொட்டிலுக்குள் இருந்து நஜ்முன்னிஸா வெளியே வந்தா. மெலிந்திருந்தா. ஸ்ரெல்லாவின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தா. செபஸ்தியம்மாவின் கண்ணை விசாரித்தா. பிறகு கேட்டா.

"அந்தக் கிழமை உன்ரை அம்மாட்டை நான் மீனுக்குச் சொல்லி வைச்சனான். வந்து பாத்திருப்பா, என்ன?"

"வந்தவதான்."

"அவ்வளவு மீனையும் என்ன செய்தவ?"

"சமைச்சுச் சாப்பிட்டம், உம்மா."

"நல்லது," என்றா நஜ்முன்னிஸா. "பழுதாக்காமல் விட்டியளே."

அதோடு பஸ் வந்துவிட்டது. சுஹறா வீதிவரை வந்தாள். உடுப்பில் ஒட்டியிருந்த சாக்கு நாரைத் தட்டிவிட்டு, ஸ்ரெல்லாவின் பையில் ஒரு பிடி வெங்காயத்தைப் போட்டுவிட்டாள். "ராணிக்குச் சொல்லு, வாசிச்சதாலை இனி அவள் ஆட ஏலாது. அவள்தான் நடத்தவேணும்."

ஸ்ரெல்லா இதைச் சொல்லிவிட்டு மிசினில் போய் இருந்தாள். துணியை வைத்தாள், மிதிக்கவில்லை. "நான் அவளுக்கு ஒண்டும் சொல்லாமல் பஸ் ஏறிட்டன், ராணி," என்றாள். வெங்காயத்தை நாங்கள் அன்றைக்கே சமைத்தோம்.

10

மாஸ்ரர் இவ்வளவையும் சங்கக்கடை வாங்கில் இருந்து வாசித்தார். ஒன்பதாம் பகுதியை மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தார்.

"இதைக் கதையெண்டு போட ஏலாது, பிள்ளை. கதையெண்டால் எல்லாரும் உத்துப் பாப்பினம். மதிப்புரைப் பக்கத்திலை போடுவம். அதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

"வெட்டின வாக்கியம்?"

"நான் வெட்டினனான்தான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஆனால் அச்சுக்கோக்கிறவனுக்குக் கண் மட்டு. சிவப்பு மை தெரியாமல் போகலாம். அதுக்கு நான் என்ன செய்யிறது."

ஆகவே நூலின் தரம்: மட்டம். படம்: சுமார். எழுத்துப்பிழை: ஏராளம். ஆனால் இந்த வகை நூல்களில் உள்ள ஓட்டைகள் எல்லாம் குறைகள் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நல்ல நூலாக இருந்திருந்தால் அந்த மிருகத்துக்கு யார் சாப்பாடு கொடுப்பது என்று அதிலேயே போட்டிருப்பார்கள். நாங்கள் அவளைச் சந்தித்திருக்கமாட்டோம்.

இனி நடத்துவது நான் என்று சுஹறா சொல்லியிருக்கிறாள். ஆடுவதற்கு ஸ்ரெல்லா ஒருத்தி போதாது. எனவே வாசகரே, நீங்கள் ஈயக் கோட்டையின் சமையலறையில் நிற்கிறீர்கள். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள். எங்கே கூட்டிப்போகிறீர்கள், அங்கே தான் யார் என்று கேட்கிறாள். என்ன சொல்கிறீர்கள்?

பதிலுக்கு அரைப் பக்கம் கேட்டேன். மாஸ்ரர் தாள் இல்லை என்று இரண்டு வரி தந்தார்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

பென்சிலால் எழுதுங்கள். இந்த இதழை உங்களிடம் இரவல் வாங்கி வாசிப்பவருக்கும் இந்த இடம் வேண்டும்.